பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் ஏதாவது ஓர் அரங்குக்குள் போய் “எஸ். ராமகிருஷ்ணன் புத்தகம் இருக்காண்ணே?” என்று கேட்டால், கடைக்காரரின் கை யோசிக்காமல் ஒரு பக்கம் நீளும். அங்கே ‘உப பாண்டவம்’, ‘நெடுங்குருதி’, ‘யாமம்’ எல்லாம் வரிசையாக இருக்கும். நாதஸ்வரக் கலைஞர்களின் கரிசல் வாழ்க்கையைச் சொல்லி 2018ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது வாங்கிய ‘சஞ்சார’மும் இருக்கும். விருதுநகர் பக்கத்து மல்லாங்கிணரில் 1966இல் பிறந்த எஸ்.ரா.வை இந்த வட்டாரத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அதே வாசகர் ஒரு பழைய புத்தகக் கடையில் குனிந்து தேடும்போது ‘கம்பனும் மில்டனும்’ கையில் அகப்படலாம். அட்டையில் ஆசிரியர் பெயர் எஸ். ராமகிருஷ்ணன். நம்மவர் கம்பனையும் எழுதியிருக்கிறாரே என்று வாங்கிப் போவார். பத்துப் பக்கம் புரட்டுவதற்குள் குரல் வேறு என்று தெரிந்துவிடும். கதைசொல்லியின் அலைச்சலும் கனவும் இதில் இல்லை. இரண்டு பெருங்காப்பியங்களை எதிரெதிரே நிறுத்தி, அவை பிறந்த சமூகங்களின் கணக்கைக் கேட்கிற ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருப்பார். இவர் மதுரையில் வாழ்ந்த மார்க்சிய அறிஞர், எஸ்.ஆர்.கே. ‘திருக்குறள் ஒரு சமுதாயப் பார்வை’ எழுதியவரும் இவரே. எஸ்.ரா. எழுத வருவதற்கு முன்பே, எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயர் மதுரையின் இலக்கிய வட்டத்தில் இவரைத்தான் குறித்தது.

மூன்றாவதாக ஒருவர் சென்னையில் இருந்தார். 1970களில் ‘கசடதபற’ சிற்றிதழோடும் பிறகு 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தோடும் வாழ்ந்த எஸ். ராமகிருஷ்ணன். 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ அவருடைய பெரும்பணி. அதன் விரிவாக்கிய மூன்றாம் பதிப்பு கைக்கு வந்த சில நாட்களிலேயே, 2020 நவம்பர் 17 அன்று, கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று. ஒருவர் புனைகதைக்காரர், ஒருவர் காப்பிய ஆய்வாளர், ஒருவர் சொற்களுக்குக் காவலிருந்தவர். மூவருக்கும் பெயர் ஒன்று, முன்னெழுத்தும் ஒன்று.

ஆனாலும் பேச்சில் குழப்பம் வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ்.ரா. என்றால் ஒருவர், எஸ்.ஆர்.கே. என்றால் ஒருவர், க்ரியா ராமகிருஷ்ணன் என்றால் ஒருவர். இந்த ஏற்பாட்டை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஒரே பெயரைப் பலர் சுமக்கும் மொழியில், ஆளைப் பிரித்துக் காட்டும் பழக்கம் வாசகர்களின் நாக்கிலேயே ஊறியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். அது பிறந்த இடங்களில் முதன்மையானது மதுரை.

சங்கப் பாடல்களைப் பாடியவர்களாக 473 பெயர்கள் கிடைக்கின்றன. அவற்றில் ‘மதுரை’ என்று தொடங்குகிறவற்றை மட்டும் தனியே எழுதிப் பார்த்தால் ஒரு நகரத்தின் கடைவீதி கண்முன் வரும். தானியம் விற்ற மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். துணி விற்ற மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார், அதாவது ஏடு எழுதிப் பிழைத்தவர். இன்று கதை எழுதுகிறவருக்கு வைத்திருக்கும் சொல் அன்று ஒரு கைத்தொழிலின் பெயர். மதுரை ஈழத்துப் பூதன்தேவனார் என்ற பெயர் இன்னும் அழகு. ஒரு மனிதர் எந்த மண்ணோடு சேர்ந்தவர், எந்த ஊரில் அறியப்பட்டவர் என்று இரண்டையும் அது மறக்காமல் வைத்திருக்கிறது.

இந்த முன்னொட்டுகள் பெருமைக்காகச் சேர்த்தவை மட்டும் அல்ல. சாத்தன், பூதன், நாகன், கண்ணன் என்று ஊரெங்கும் புழங்கிய பெயர்களுக்கு நடுவே ஒரு பாடலை அதன் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இருந்தது. மதுரை மருதன் இளநாகனார் என்று ஒருவர். மதுரைப் பூதன் இளநாகனார் என்று இன்னொருவர். மருதன் மகன், பூதன் மகன் என்று பொருள் கொள்வது வழக்கம். ஊர் ஒன்று, பெயர் ஒன்று; தந்தை பெயர் நடுவில் வந்து நின்று இருவரையும் காப்பாற்றுகிறது. வெண்ணாகனார் இருவர். இருவருமே உலோகத்தைத் தட்டியவர்கள். ஒருவர் மதுரைக் கொல்லர், மற்றவர் தங்கால் பொற்கொல்லர். தங்கால் என்பது சிவகாசியை ஒட்டிய இன்றைய திருத்தங்கல். தொழிலும் ஒத்துப்போனதால் ஊர்ப்பெயரே ஆள் அடையாளம். ஒரே ஒரு பாட்டு மட்டும் பாடிய ஒரு பட்டறைக்காரரின் பெயரைக்கூட இன்னொருவர் கணக்கில் போட்டுவிடாமல் காத்த தொகுப்பாளர்களின் நேர்மை பெரிது. அவர்கள் காட்டிய அக்கறையைப் பின்னால் வந்தவர்கள் காட்டவில்லை என்பதுதான் வருத்தம்.

பெயர் புனிதமாகிவிட்டால் ஆட்கள் கரைந்துபோகிறார்கள். ஒளவையார் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. அதியமானின் தோழியாக 59 பாடல்கள் பாடிய சங்க ஒளவை ஒருவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பிள்ளைகளுக்குத் தந்த ஒளவை பல நூற்றாண்டு கழித்து வந்தவர். யோக மரபின் மொழியில் விநாயகர் அகவல் பாடியவரையும் ஆய்வாளர்கள் தனியாகவே எண்ணுகிறார்கள். கள்ளும் போரும் நட்பும் பாடிய முதலாமவரையும் பள்ளிக்கூடப் பாட்டியையும் ஒரே கோலூன்றிய உருவத்தில் அடைத்தபோது நாம் இழந்தது கொஞ்சமல்ல. தமிழ் தன் பெண்கவிகளை எண்ணும்போது மூன்று நான்கு பேரை ஒருவராகக் கழித்துவிட்டது.

மதுரைக்கே உரிய கதை நக்கீரருடையது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தொகை நூல்கள் அவரைச் சொல்கின்றன. கணக்காயர் என்றால் ஆசிரியர். ‘நெடுநல்வாடை’யின் குளிர்காலத்தை எழுதியவர் அவர். பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் என்றொருவர் வருகிறார். ‘கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி’, ‘திருஈங்கோய்மலை எழுபது’, ‘கோபப் பிரசாதம்’ எல்லாம் அவர் பெயரில் உள்ளன. மொழிநடையும் யாப்பும் பக்தியின் தொனியும் இவர் சங்க காலத்தவராக இருக்க முடியாது என்று காட்டிவிடுகின்றன. பத்துப்பாட்டில் முதலாவதாக நிற்கும் ‘திருமுருகாற்றுப்படை’ பதினோராம் திருமுறையிலும் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு காலங்களுக்கும் நடுவே ஒரு பெயர் பாலமாகி, அதன்மேல் ஒரு நூலும் நடந்துபோயிருக்கிறது.

இந்தப் பிளவைத் தைத்துச் சேர்த்தது ஒரு கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தருமிக்காக வந்த இறைவனோடு வாதாடி, நெற்றிக்கண்ணின் வெப்பம் தாங்காமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். கதை அதோடு முடிவதில்லை. மனம் மாறிய புலவர் அந்தக் குளத்திலிருந்தே கயிலைபாதி காளத்திபாதி அந்தாதியைப் பாடுகிறார். குற்றம் குற்றமே என்ற சங்கப் புலவர் நீருக்குள் போகிறார். சிவனடியாராக வெளியே வருகிறார். வெவ்வேறு காலத்தில் எழுதிய இரு கவிஞர்களை ஒரே வாழ்க்கையின் முன்பாதியும் பின்பாதியுமாக ஆக்குவதற்கு ஒரு குளம் போதுமானதாக இருந்தது. கதையாக இது அற்புதம். மீனாட்சி கோயிலின் பொற்றாமரைப் படியில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் இன்னும் அற்புதம். ஆனால் அந்தாதி பாடிய அந்த மற்றவருக்குச் சொந்தமாக ஒரு வரலாறு கிடைக்காமலே போயிற்று.

இதே ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெயர்ப்பொருத்தம் அச்சுக்காலத்தைச் சேர்ந்தது என்பதால் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. 1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவினார். அடுத்த ஆண்டு அதன் இதழாகச் ‘செந்தமிழ்’ வெளிவந்தது. முதல் ஆசிரியர் இராகவையங்கார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரும் இராகவையங்கார். முன்னவர் ரா. இராகவையங்கார், பின்னவர் மு. இராகவையங்கார். ஒரே சங்கம், ஒரே இதழ், ஒரே பதவி, ஒரே பெயர். அந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் போன நூற்பட்டியல்களும் கட்டுரைகளும் எத்தனையோ.

அந்த எழுத்துகளுக்குள் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. ‘ரா’ என்பது இராமாநுசையங்கார். ‘மு’ என்பது இராமநாதபுரம் சமஸ்தானப் புலவர் முத்துசாமி ஐயங்கார். அவர் மு.ரா.வுக்குத் தந்தை, ரா.ரா.வுக்குத் தாய்மாமன். அத்தை மகனும் மாமன் மகனுமாக இருவரும் ஒரு வீட்டின் தமிழைக் குடித்து வளர்ந்தவர்கள். 1870இல் பிறந்த மூத்தவருக்கும் 1878இல் பிறந்த இளையவருக்கும் எட்டு வயது வித்தியாசம். ஆனால் இருவர் நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்கு வீடு ஒன்று என்பது மறந்துபோகும்.

ரா.ரா. அடிப்படையில் கவிஞர். சேதுபதிகளின் அவைக்களப் புலவர். பாரியின் கதையைக் காவியமாக்கிப் ‘பாரிகாதை’ எழுதினார். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். குறுந்தொகைக்கு உரை எழுதினார். சேரர் தலைநகரான வஞ்சி கருவூர்தான் என்று வாதிட்டு ‘வஞ்சிமாநகர்’ எழுதும்போதும் வழக்கறிஞரின் வேகம் இருக்கும். பாட்டின் வரிகள் ஒவ்வொன்றையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவரானார். அகநானூறு முதன்முதலாக அச்சேறியபோது அதைப் பரிசோதித்துக் கொடுத்தவரும் அவரே. பூதன் மகனையும் மருதன் மகனையும் பிரித்துக் காட்டும் அந்தப் பழைய பெயர்களை ஏட்டிலிருந்து அச்சுக்கு மாற்றிய கை, பின்னாளில் தன் பெயர் இன்னொருவர் பெயரோடு கலந்துபோகும் ஒருவரின் கை.

மு.ரா. வரலாற்றுக்காரர். ‘வேளிர் வரலாறு’, ‘சேரன் செங்குட்டுவன்’, ‘ஆழ்வார்கள் காலநிலை’, கல்வெட்டுகளில் பெயர் கிடைக்கும் கவிஞர்களைத் தேடிச் சேர்த்த ‘சாசனத் தமிழ்க்கவி சரிதம்’ என்று அவர் நூல்களின் தலைப்புகளே அவருடைய மனப்போக்கைச் சொல்லும். காலம், குலம், சான்று என்று நிதானமாக நகரும் உரைநடை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியில் 1913 முதல் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். சிதறிக் கிடந்த தனிப்பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் திரட்டி அவர் தொகுத்த ‘பெருந்தொகை’யை மதுரைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. எந்தப் பாட்டு எந்தக் கம்பருடையது, எந்தக் காளமேகத்துடையது என்று தெரியாமல் ஊர்வாய்களில் கிடந்த செய்யுள்களோடு மல்லுக்கட்டிய வேலை அது. ரா.ரா.வைத் தேடி வந்தவர் தவறுதலாக இதை எடுத்துப்போனால் அவருக்குக் கிடைப்பது முற்றிலும் வேறொரு மூளையின் வேலை.

வாரப் பத்திரிகைகள் வந்த பிறகு சிக்கல் வேறு உருவம் எடுத்தது. அங்கே ஊரும் தந்தையும் உதவவில்லை, மனைவி உதவினார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் குமுதத்தில் எழுத வந்தபோது அங்கே ரா.கி. ரங்கராஜன் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார். இரண்டு ரங்கராஜன்கள் வேண்டாம் என்று புதியவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தச் சுஜாதாவைத் தமிழ்நாடே அறியும். அதே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இன்னொரு ரங்கராஜனும் உண்டு, அவர் கவிஞர் வாலி. இவர்களில் ரா.கி.ர.வுக்கு உரிய இடம் கிடைத்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி. ‘நான், கிருஷ்ணதேவராயன்’ எழுதியவர், பாப்பியோனைப் ‘பட்டாம்பூச்சி’யாக்கி ஒரு தலைமுறையைத் தூங்கவிடாமல் செய்தவர், சூர்யா, ஹம்சா, கிருஷ்ணகுமார் என்று பல பெயர்களில் பல நடைகளில் எழுதியவர். மற்றவர் தன் பெயரை விட்டுக்கொடுத்த அளவுக்குச் செல்வாக்காக இருந்தவர் இன்று அந்த நிகழ்ச்சியின் துணைப்பாத்திரமாக மட்டும் நினைக்கப்படுவது நியாயமில்லை.

பார்த்தசாரதிகளின் கதையும் இப்படித்தான் கிளைக்கிறது. மதுரைத் தமிழ்ச்சங்கத்தில் படித்து வளர்ந்த நா. பார்த்தசாரதி, அரவிந்தனையும் பூரணியையும் மதுரைத் தெருக்களில் நடக்கவிட்ட ‘குறிஞ்சி மலர்’ ஆசிரியர். ‘தீபம்’ இதழை நடத்தியவர். ‘சமுதாய வீதி’க்கு 1971இல் சாகித்ய அகாதமி பெற்றவர். கும்பகோணத்துக்காரரான இன்னொரு பார்த்தசாரதி, மனைவி பெயரை முன்னே சேர்த்து இந்திரா பார்த்தசாரதி ஆனார். கீழவெண்மணிக் கொடுமையைப் பின்னணியாகக் கொண்ட அவருடைய ‘குருதிப்புனல்’ 1977இல் அதே விருதைப் பெற்றது. லட்சியக் காதலர்களின் தூய உலகத்திலிருந்து, எரிந்த குடிசையின் சாம்பலுக்கு ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு வந்து சேரலாம். ஆங்கிலத்தில் எழுதிய ஆர். பார்த்தசாரதி மூன்றாமவர். ‘ரஃப் பாஸேஜ்’ கவிதைகளில் தாய்மொழியை விட்டுப் போனவனின் வலியை எழுதிய அவர், கடைசியில் சிலப்பதிகாரத்திடம் திரும்பினார். அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் வந்தது. ஒரு பார்த்தசாரதி காதலர்களை நடக்கவிட்ட நகரத்தை இன்னொரு பார்த்தசாரதி கண்ணகியோடு சேர்ந்து ஆங்கிலத்தில் எரித்தார்.

நம் காலத்துக்கு வந்தால், மதுரை இரண்டு வெங்கடேசன்களைத் தந்திருக்கிறது. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். மதுரையின் ஆறு நூற்றாண்டுகளை, முக்கியமாகக் காவலையும் களவையும் வாழ்க்கையாகக் கொண்டவர்களின் பக்கத்திலிருந்து, அது சொல்கிறது. பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’யும் பருமனில் சளைத்ததல்ல, பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்கும் திப்புவின் மைசூருக்கும் நடுவே, கதைக்குள் கதையாக, முடிவில்லாத நீள் வாக்கியங்களில் அலைகிற நாவல். இரண்டும் 2008இல் வெளிவந்தவை. வரலாற்றை ஒருவர் தாது வருடப் பஞ்சத்தின் எலும்பும் கோட்டைக் கல்லுமாகத் தொட்டுப் பார்க்கிறார். மற்றவர் அதைக் கனவாகவும் புதிராகவும் கலைத்துப் போடுகிறார். தமிழில் வரலாற்று நாவல் எங்கெல்லாம் போக முடியும் என்று கற்பிக்க விரும்பும் ஆசிரியருக்கு இந்த இரு வெங்கடேசன்களைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

வெளிநாடுகளிலும் இது நடக்கிறது. 1899இல் இங்கிலாந்தின் வின்ஸ்டன் சர்ச்சில், அப்போது தன்னைவிடப் புகழ் பெற்றிருந்த அமெரிக்க நாவலாசிரியர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதி, இனித் தன் நூல்களில் நடுவே ‘ஸ்பென்சர்’ சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். இன்று உலக அளவில் எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் ஒன்று தரும் முறையே வந்துவிட்டது. ஆனால் அங்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. தமிழர் அதை வைத்துக்கொள்ளவில்லை. சாதிப் பெயரை உதறிய தலைமுறைகளுக்குப் பிறகு நமக்கு மிஞ்சியது சொந்தப் பெயரும் அதன் முன்னே ஓரிரு எழுத்துகளும். ஆளைப் பிரித்துக் காட்டும் சுமையை அவ்வளவு சிறிய எழுத்து தாங்குகிறது என்பதால்தான் அதில் கவனம் வேண்டும். சு., சி., செ., சா. எல்லாம் ஆங்கில எழுத்தில் ஒரே ‘எஸ்’ ஆகிவிடுகின்றன. தமிழில் தனித்தனியாக நின்ற நால்வர் அங்கே ஒரே வரிசையில் போய் விழுகிறார்கள். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் வலியுறுத்தியதை மொழிப்பற்றாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நூலகர்களுக்கு அது நடைமுறை உதவி.

நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர். ஒரே பெயருடையவர்களைப் பிரிக்கப் பிறந்த ஆண்டு போன்ற தனிக்குறிப்பைப் பெயரோடு சேர்க்க அவருடைய பட்டியல் விதிகளில் இடம் உண்டு. அவர் பெயரையே பிரித்துப் பார்த்தால் ‘எஸ்’ என்பது சீர்காழி, ‘ஆர்’ என்பது தந்தை ராமாமிருதம். ஊர், தந்தை, பெயர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதும் இதே அமைப்புதான்.

1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவர் போராடியதற்கு அது ஒரு காரணம். தேடாத நூல் தேடியவர் கையில் படவேண்டும். 2023 ஜூலையில் மதுரை புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், மாலை நேரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக அலமாரிகளுக்கு நடுவே நடக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எஸ். ராமகிருஷ்ணன் என்ற பெயரைப் பார்த்து ஒரு நூலை உருவுகிறாள். பின்னட்டையைத் திருப்பிப் பார்க்கிறாள். எதிர்பார்த்த முகம் இல்லை. நின்றபடியே முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்குகிறாள். கம்பன் மில்டனோடு பேசிக்கொண்டிருக்கிறான்.